இடது முன்சக்கரம்

"நான் ஓட்டும்போது வரல மௌரீன், வரலன்னா வரல, நான் என்ன பொய்யா—"

"நீங்க ஓட்டும்போது வராதுங்க, அதத்தான் நானும் சாப்பிட உக்காந்ததுலேருந்து—"

"வராதுன்னு நீயே சொல்ற. அப்ப வண்டியில கோளாறு இல்லன்னு—"

"கோளாறு இல்லன்னா அவ ஓட்டும்போது மட்டும் ஏன் டொக்கு டொக்குன்னு—"

"அவ ஓட்டுற லட்சணம் அப்படி! பிரேக்க மிதிக்கிறாளா, கரப்பான்பூச்சிய மிதிக்கிறாளா? அப்படி மிதிச்சா எந்த வண்டிதான் கத்தாது?"

இதைச் சொல்லிவிட்டு ரெமிஜியஸ் வாயிலிருந்த மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். முள்ளோடு கொஞ்சம் சோறும் வந்து விழுந்தது. மௌரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பது வருஷமாக இதே தட்டு, இதே முள். அன்றைக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எதிர்ல பொண்ணு உக்காந்திருக்கா."

"உக்காரட்டும். கேக்கட்டும். நல்லதுக்குத்தான் சொல்றேன். என்ன டீனா? கியர எப்ப மாத்தணும், பிரேக்க எப்படி அமுக்கணும்னு நான் சொல்லிக் குடுத்தது என்ன, நீ பண்றது என்ன?"

டீனா தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. "நான்தான் சரியா ஓட்டலபோல மம்மி. விடுங்க."

அந்த 'போல'தான் மௌரீனைச் சுட்டது. பிரேசர் டவுனிலிருந்து அத்திபெலேக்குத் தினமும் காரில் போய்வரும் பெண் இவள். ஹொசூர் ரோட்டில் கல் லாரிகளுக்கும் தனியார் பஸ்களுக்கும் நடுவே ஓட்டுகிறாள். ஜூன் மாசம் நூல் மில் ஆபீசில் வேலை நேரத்தை மாற்றினார்கள். சாயங்கால பஸ்ஸில் குடித்துவிட்டு வந்து மேலே சாய்கிறவர்கள் தொல்லை தாங்காமல் ஒரு நாள் அழுதுகொண்டே வீடு வந்தாள். அதற்குப் பிறகுதான் அப்பாவின் பியட்டை எடுக்க ஆரம்பித்தாள். க்ரீம் கலர் பியட். டீனாவைவிட வயதில் மூத்தது. இரண்டு மாசத்தில் ரோட்டில் யாருக்கும் பயப்படாத பெண்ணாகிவிட்டாள் என்று மௌரீன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சத்தம் வந்தது. மேட்டில் ஏறினால் முன்பக்கம் ஒரு டொக்கு. பிரேக் பிடித்தால் இன்னொன்று. இப்போது ஸ்டியரிங்கைத் தொடும் முன்னால் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொள்கிறாள்.

"சந்தாபுராவுல ஏறுவாளே ஷில்பா, அவ இனிமே பஸ்ல வரேன்னு சொல்லிட்டா," என்றாள் டீனா. "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு இந்தச் சத்தத்துல வர பயமா இருக்குதாம். எம்மேல கோவம் இல்லன்னு வேற சொன்னா."

"பாத்தியா? மத்தவங்களுக்கே தெரியுது நீ எப்படி ஓட்டறேன்னு!"

"ஏங்க, நீங்க மனுசன்தானா? அவ சொல்றது சத்தத்த."

"ரெண்டும் ஒண்ணுதான். இன்னும் ஒரு துண்டு வை. நடுத் துண்டா பாத்து வை."

மௌரீன் வாலைத் தேடி எடுத்து வைத்தாள்.

"சரி, சிரில் தம்பிகிட்டயாவது ஒரு வாட்டி காட்டலாம் இல்ல?"

"அவன்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? உன் வேலை சரியில்லன்னா?"

"சத்தம் வருதுன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

சிரில் ரெமிஜியசின் தம்பி. வீலர் ரோட்டுப் பக்கம் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். அண்ணனும் தம்பியும் எட்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் அம்மா அடக்கத்தன்று பெட்டிக்கு முன்னால் சிலுவை பிடித்துக்கொண்டு போவது யார் என்று கோவில் வாசலிலேயே சண்டை. மூத்தவன் நான் என்று ஒருவர், கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டது நான் என்று ஒருவர். ஃபாதர் வந்து சிலுவையைப் பிடுங்கிக் கோவில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை கையில் கொடுத்தார். அத்தோடு போனது பேச்சு. இந்த வருஷம், தொண்ணூற்றெட்டு ஈஸ்டருக்குத்தான் திரும்ப ஒட்டினார்கள். ஒட்டியதற்கு அடையாளமாக, "அண்ணே, உங்க வண்டிக்கு முன்பக்கம் பூரா நான் புதுசா போட்டுத் தரேன்" என்றான் சிரில். போட்டும் கொடுத்தான். ஈஸ்டர் சாப்பாட்டு மேசையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ரெமிஜியஸ் கிளாசைத் தூக்கி, "முன்சக்கரத்தத் தாங்குற கிங்பின் செட்டு முழுசும் புதுசு! எந்தம்பி போட்டது!" என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சிரில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேக்கைப் பிய்த்துத் தின்றான். கூச்சம் என்று மௌரீன் நினைத்தாள்.

அதிலிருந்து அந்த வண்டியின் முன்பக்கம் யாரும் தொடக்கூடாத திருப்பண்டம் மாதிரி. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக்கூடாது. வேறு ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தக்கூடாது. வண்டியைக் குறை சொன்னால் தம்பியைக் குறை சொன்னது. தம்பியைக் குறை சொன்னால் எட்டு வருஷம் திரும்பி வந்துவிடும்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வரும்போது நீங்க ஓட்டுங்க," என்றாள் மௌரீன். "நான் பின்னாடி உக்காந்து கேக்கறேன். அப்புறம் அவ ஓட்டட்டும். அதே ரோடு."

"பரிட்சையா?"

"பரிட்சைதான்."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ரெமிஜியஸ் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தபோதே முகத்தில் ஜெயித்த களை. கண்ணாடியைச் சரிசெய்து, தலையையும் ஒரு தடவை வாரிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு கேளுங்க. எங்கேயாச்சும் ஒரு சத்தம் வருதான்னு."

வரவில்லை. மாஸ்க் ரோட்டில் முதல் ஹம்ப், வேகத்தடை மேடு, வந்தது. வண்டி ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. இரண்டாவது. அதுவும் இல்லை.

"வருதா? டீனா, வருதா?"

"இல்ல டாடி."

"மௌரீன்?"

மௌரீன் காதை விட்டுவிட்டுக் கண்ணைத் தீட்டியிருந்தாள். ஹம்ப் ரோட்டின் முழு அகலத்துக்கும் இருக்காது. மழைத்தண்ணீர் போவதற்காக இடது ஓரத்தில் சாக்கடையை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஸ்கூட்டர்காரர்கள் அதில் புகுந்து போவார்கள். ரெமிஜியசும் ஒவ்வொரு ஹம்ப்பிலும் வண்டியை அந்த ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வலது சக்கரம் மேட்டில் ஏறியது. இடது சக்கரம் சாக்கடை ஓரமாக நழுவிப் போனது. இளநீர் வண்டிக்காரன் ஒருவன் காலை இழுத்துக்கொண்டு திட்டினான்.

"ஏங்க சாக்கடையிலயே போறீங்க?"

"எதிர்ல வண்டி வருது."

"எங்க வருது?"

"வரும்."

இன்னொன்றும் பார்த்தாள். அவர் பிரேக்கையே தொடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே கியரைக் குறைத்துக் குறைத்து, சைக்கிள்காரன் முந்திப்போகிற வேகத்துக்கு வந்து, அப்புறம் பூப்போலக் காலை வைத்தார். கோல்ஸ் ரோட்டுத் திருப்பத்தில் பின்னாலிருந்த ஆட்டோக்காரன் ஹார்னை அமுக்கிப் பிடித்தான்.

"இப்ப அவ ஓட்டட்டும்," என்றாள் மௌரீன்.

டீனா உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் ஓட்டுகிற மாதிரி நடு ரோட்டில் ஓட்டினாள். முதல் ஹம்ப்பிலேயே முன்பக்கம் இடது காலடியில் 'டொக்' என்று யாரோ சுத்தியலால் தட்டியது மாதிரி கேட்டது. பிரேக் பிடித்தாள். இன்னொன்று.

"ஹா! கேட்டியா? கேட்டியா மௌரீன்?" ரெமிஜியஸ் சீட்டிலேயே குதித்தார். பெண் தோற்றதில் அவ்வளவு சந்தோஷம். "அதே வண்டி, அதே ரோடு, அதே நாளு! இப்ப என்ன சொல்ற?"

டீனாவின் கண் கலங்கியிருந்தது. "சாரி டாடி."

"சாரி எல்லாம் வேணாம். கத்துக்கோ."

"நீங்க திரும்ப ஓட்டுங்க," என்றாள் மௌரீன். "இந்தத் தடவ ஹம்ப்புக்கு நடுவுல."

"எனக்குப் பசிக்குது."

"ஒரே ஒரு ஹம்ப்பு."

"பசிக்குதுன்னா பசிக்குதுதான்! வீட்டுக்குப் போ டீனா."

வீட்டுக்குப் போனார்கள். அவர் இரண்டு தடவை பிரியாணி போட்டுக்கொண்டு, எலும்பை உறிஞ்சி, விரலை நக்கி, ஏப்பம் விட்டு, குப்புறப் படுத்துத் தூங்கினார். மௌரீனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றவள் டீனா படுத்திருந்த அறைக்குப் போனாள்.

"டீனா. எழுந்திரு. சாவிய எடு."

"எங்க மம்மி?"

"முதல்ல சந்துல மெதுவா ஓட்டு. நான் பக்கத்துல நடந்து வரேன்."

டீனா ஊர்ந்தாள். மௌரீன் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையை இடது முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து லட்சுமம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏனு மௌரீனம்மா, வண்டிக்கு ஜொரமா? கை வெச்சுப் பாக்கறீங்க?"

"ஆமா லட்சுமம்மா. டாக்டர்கிட்டப் போறோம்."

"உங்க மைத்துனர்தான் டாக்டராச்சே."

"அவர்தான் ஆபரேசன் பண்ணினார்."

லட்சுமம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். ரெமிஜியஸ் எழுந்து கேட்டால் ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுவாள் என்று மௌரீனுக்குத் தெரியும். சொல்லட்டும். சந்தில் கிடந்த ஒரு செங்கல் துண்டின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. தகரத்தின் வழியாக அந்தத் தட்டு அவள் உள்ளங்கையில் வந்து இடித்தது.

"இங்கதான். இடது பக்கம். போ, போட்டரி ரோட்டுக்குப் போ."

போட்டரி ரோட்டில் முனிராஜின் ஷெட். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பான். ஏன் திறந்திருக்கிறான் என்பது உள்ளே போனால் தெரியும். மற்ற கடைகள் மூடியிருக்கையில் வருகிறவனுக்கு வேறு வழி இருக்காது. தரையெல்லாம் கறுத்த எண்ணெய். சுவர் ஓரத்தில் வெற்றிலை எச்சில் வரிவரியாகக் காய்ந்திருந்தது. முனிராஜ் வாயில் இருந்ததை அங்கேயே இன்னொரு வரியாகச் சேர்த்துவிட்டு வந்தான்.

"வாங்க மேடம். இது சிரிலோட அண்ணன் வண்டி இல்ல? இங்க எப்படி?" அவன் கண்ணில் அப்படி ஒரு ஒளி. பாயசம் கண்ட கண்.

"யாரு வண்டியா இருந்தா என்ன? முன்னாடி இடது பக்கம் சத்தம்."

"அது நான் பாத்துச் சொல்லணும். இடதா வலதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் ஓட்டுறதப் பாத்தேன். தெரிஞ்சுது."

முனிராஜுக்கு அது புரியவில்லை. பேசும்போதே மௌரீனுக்குத்தான் புரிந்தது. எந்தச் சக்கரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாக்கடை ஓரத்தில் இறக்கினாரே, அந்தச் சக்கரத்தை. அவள் சொல்லவில்லை. டீனா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தின் தலையில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டினான். டொக்கு டொக்கு.

"வீல் பேரிங் போயிருக்கு," என்றான் உடனே. "மாத்திடலாம். சும்மா யோசிக்காதீங்க."

"அதுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் டீனா. "வேற எதுவும் ஆடாதா?"

"ஆடும். கிங்பின்னு ஆடும். ஆனா அது புதுசுன்னு உங்க சித்தப்பா ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டாரே."

"சித்தப்பா சொல்லல. டாடிதான் சொன்னார்."

"யாரு சொன்னா என்னம்மா."

"ரெண்டுல எதுன்னு பிரிச்சுப் பாக்காம கண்டுபிடிக்க வழி இல்லையா?"

முனிராஜ் தலையைச் சொறிந்தான். வழி இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "உள்ள உக்காந்து பிரேக்க அமுக்கிப் பிடிங்க. பிரேக் பிடிச்சா பேரிங் ஆடாது. அப்பவும் ஆடினா கிங்பின்னு."

டீனா ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். முனிராஜ் சக்கரத்தை ஆட்டினான்.

டொக்கு டொக்கு.

"இன்னும் நல்லா அமுக்குங்க."

"முழுசா அமுக்கிட்டேன்!"

டொக்கு. டொக்கு. டொக்கு.

முனிராஜ் எழுந்தான். முகத்தில் சிரிப்பு விரிந்தது. "மேடம், பிரிச்சுடட்டுமா?" கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரல்.

"பிரி."

சக்கரம் கழன்றது. டிரம் வந்தது. சுத்தியலும் கம்பியும் வைத்து இடித்துக்கொண்டே அவன் பேசினான். சிரில் கார்ப்பொரேஷன் பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்தவன், அப்போதே காப்பியடிப்பான், இன்னும் என்னென்னவோ. நடுநடுவே துப்பினான். ஊசிப்போன கொழுப்பு மாதிரி ஒரு நாற்றம் எழுந்தது. கறுத்த கிரீசுக்குள்ளிருந்து ஒரு கம்பி, கட்டைவிரல் பருமன். அதோடு சேர்ந்து கசங்கிய ஒரு தகரச் சுருள் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அய்யோ, இது என்னது?" என்றாள் டீனா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

முனிராஜ் துணியால் துடைத்தான். தகரத்தில் ரோஜாப்பூ தெரிந்தது. பாதிப் பெண் முகம் தெரிந்தது.

"பவுடர் டப்பா," என்றான். சிரிக்கக்கூட மறந்துவிட்டான். "புஷ்ஷுன்னு ஒண்ணு போடணும் மேடம் இங்க. வெண்கலத்துல வரும். இந்தப் பின்னு ஆடாம அதுதான் பிடிச்சுக்கும். அது போட்டிருக்க வேண்டிய எடத்துல பவுடர் டப்பாவ வெட்டிச் சுத்தி அடிச்சிருக்காங்க. கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராது. தேஞ்சதும் வரும்."

"பின்னு?"

"பழசு. கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்கு. இருங்க." வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். "இங்க பாருங்க. கழுத்துல கீறல்."

"கீறல்னா?"

"இன்னும் எத்தினி நாளுன்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம். ஒடஞ்சா சக்கரம் அப்படியே உள்ள மடங்கிடும். ஊருக்குள்ள ஒடஞ்சா ரோட்டு ஓரத்துல முட்டி நிக்கும். இவங்க எங்க ஓட்டறாங்க?"

"ஹொசூர் ரோட்டுல," என்றாள் டீனா.

முனிராஜ் பின்னைப் பழைய துணிமேல் வைத்தான்.

மௌரீன் அங்கிருந்த ஆயில் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் கறை. பொம்மசந்திராவைத் தாண்டியதும் லாரிகள் வருகிற வேகம் அவள் கண்ணில் வந்தது. அந்த வண்டிக்குள் கையைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிற பெண். சந்தாபுராவில் ஏறிக்கொண்டிருந்த ஷில்பாவின் வயிறு.

"நான் நல்லாத்தான் ஓட்டினேனா மம்மி?" என்றாள் டீனா மெதுவாக.

"நல்லா ஓட்டினதாலதான்டி இன்னிக்கு இங்க இருக்க."

வெளியே ஸ்கூட்டர் சத்தம். சிரிலின் ஸ்கூட்டர். பின்சீட்டில் ரெமிஜியஸ், தூங்கி எழுந்த தலையோடு, வீட்டு லுங்கியோடு. லட்சுமம்மா தன் வேலையைச் செய்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்க மௌரீன்?" இறங்குமுன்பே கத்தினார். "எந்தம்பி இருக்கும்போது கண்டவன் ஷெட்டுல கொண்டாந்து—"

"சார், கண்டவன்னு எல்லாம் சொல்லாதீங்க," என்றான் முனிராஜ். "கண்டுபிடிச்சவன்னு சொல்லுங்க."

"நீ சும்மா இருய்யா! மௌரீன், எழுந்திரு. எந்தம்பி முகத்தப் பாரு. எவ்வளவு அவமானம் அவனுக்கு!"

மௌரீன் எழுந்திருக்கவில்லை. தகரத்தை எடுத்து நீட்டினாள். ரோஜாப்பூ மேலே தெரிய.

"சிரில் தம்பி. இது உங்க வீட்டு டப்பாவா, எங்க வீட்டுதா?"

சிரில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டான். தகரத்தைப் பார்த்தான். டீனாவைப் பார்த்தான். பிறகு துணிமேல் கிடந்த பின்னை எடுத்து அந்தக் கீறலைப் பார்த்தபோது அவன் முகம் வெளுத்தது.

"அண்ணி, நான் இத மறைக்கல."

"மறைக்கலையா? பெயிண்ட் அடிச்சது யாரு, நானா?"

"துருப் பிடிக்கக்கூடாதுன்னு அடிச்சேன் அண்ணி. செட்டு அப்ப கிடைக்கல. கடைக்காரன் ஈஸ்டர் கழிச்சு வரும்னான். அண்ணன் சாப்பாட்டுக்கு முன்னாடி வண்டி ரெடியாயிடணும்னார். பார்ட்ஸ் வர்ற வரைக்கும்தான்னு சொல்லித்தான் சுத்தினேன்."

"யார்கிட்டச் சொன்ன?"

சிரில் அண்ணனைப் பார்த்தான். ரெமிஜியஸ் லுங்கியைத் தூக்கிக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்டா," என்றார்.

"யார்கிட்டச் சொன்ன தம்பி?"

"அண்ணன்கிட்டத்தான். பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தார், காப்பி குடிச்சுக்கிட்டு. அந்த டப்பாவ வீட்டுலேருந்து கொண்டாந்ததே அவர்தான். ஊருக்குள்ள மெதுவா ஓட்டுங்கண்ணே, ஹைவே பக்கம் எடுக்காதீங்கன்னு சொன்னேன். ஒரு தடவ இல்ல. செட்டு மே மாசமே வந்துடுச்சு. கொண்டாங்க, மாத்திடறேன்னு சொன்னேன். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னார்." அவன் பின்னைத் துணிமேல் திரும்ப வைத்தான். "டீனா அத்திபெலேக்கு இதுலதான் போறான்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. பஸ்ஸுல போறான்னு நெனச்சேன்."

முனிராஜ் துப்பப் போனவன் துப்பாமல் விழுங்கினான்.

"என்னங்க," என்றாள் மௌரீன். "இவர் சொல்றது நெசமா?"

"நெசம், பொய்... இப்ப எதுக்கு அது? ஒண்ணும் ஆகலையே!"

"ஒண்ணும் ஆகலையா?"

"மேசைல எல்லார் முன்னாடியும் புதுசுன்னு சொல்லிட்டேன் மௌரீன். கை தட்டினாங்க. மாசம் திரும்பறதுக்குள்ள மறுபடி பிரிச்சா ஊரு என்ன சொல்லும்? தம்பி ஏமாத்திட்டான்னு இல்ல சொல்லும்? எல்லாம் இவன் மானத்தக் காப்பாத்தத்தான்—"

"எம்மானமா?" என்றான் சிரில். "அண்ணே, உங்க வாய்ல வந்த பொய்யக் காப்பாத்திட்டு எம்மானம்னு சொல்லாதீங்க. நான் அன்னிக்கே வேணாம்னேன்."

"எட்டு வருஷம் கழிச்சு ஒண்ணு சேந்திருக்கோம்டா! அதுக்காகத்தான்—"

"இதுக்கு இன்னும் எட்டு வருஷம் பேசாமலே இருந்திருக்கலாம்."

ரெமிஜியஸ் பெண் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு இளிப்பை ஒட்டவைத்துக்கொண்டார். மௌரீன் தகரத்தைக் கீழே போட்டாள். விரலில் ஒட்டியிருந்த கிரீசைச் சேலையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். அந்த இளிப்பைத் துடைக்க முடிந்தால் அதையும் துடைத்திருப்பாள்.

"டீனா கண்ணு. டாடி உன்ன மெதுவா ஓட்டச் சொன்னேன் இல்ல? பிரேக்கப் பூப்போல வைன்னு சொன்னேன் இல்ல? எதுக்குச் சொன்னேன்? உன் நல்லதுக்குத்தானே! சொன்னபடி கேட்டிருந்தா—"

"அவள ஓட்டத் தெரியாதவன்னு சொன்னீங்க," என்றாள் மௌரீன். "நேத்து. இன்னிக்கு. சத்தம் வந்த நாள்லேருந்து."

"வேற எப்படிச் சொல்றது? சொல்லு, வேற எப்படி நான் சொல்லியிருக்க முடியும்?"

உண்மையாகவே கேட்டார். பதில் வரும் என்று எதிர்பார்க்கிற முகம். மௌரீனுக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. முனிராஜின் எச்சில் சுவர் பக்கம் போய் நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது.

சிரில் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ரெமிஜியஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பாரு, உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார் டீனாவிடம், சட்டென்று சுறுசுறுப்பாகி. "வா, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போலாம். வண்டிய சித்தப்பா பாத்துப்பான். புது செட்டு போட்டுடுவான். நாளைக்கே போட்டுடுவான், இல்லடா? அப்புறம் நீ ஜம்முன்னு ஓட்டலாம்."

டீனா காரிலிருந்து இறங்கவே இல்லை. ஜாக்கிமேல் ஒரு பக்கம் தூக்கி நின்ற வண்டியில், சாய்ந்த சீட்டில், பிரேக் மேல் காலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் காலை எடுத்தாள். கதவைத் திறந்து, ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தரையில் வழுக்காமல் இறங்கினாள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"டாடி, தினமும் காலைல கேட்டத் தெறந்து விட்டு, நான் திரும்புற வரைக்கும் கை ஆட்டிக்கிட்டு நிப்பீங்களே, அப்ப ஒரு நாளாவது, 'இன்னிக்கு பஸ்ல போம்மா'ன்னு உங்க வாய் வரைக்குமாவது வந்துச்சா?"